பர்லாந்தின் காது



பெங்களூரு ஈஜிபுராவின் குறுக்குத் தெருக்களில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் சாவு விழுந்தால் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறிவிடும். படம், தோற்றம், மறைவு, பிள்ளைகள், பேரன் பேத்திகள் பெயர் எல்லாம் இருக்கும். போனவர் கொத்தனாரா, தச்சரா, வெல்டரா என்பது மட்டும் இராது. ஆயுள் முழுக்கக் கை பழகிய வேலை, அந்தப் பிள்ளைகளை ஆளாக்கிய வேலை. அதற்கு ஒரு வரி இடமில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. அதனால் இன்று ஒரு தொழிலாளியை அவர் செய்த வேலையை வைத்தே நினைவுகூர வந்திருக்கிறேன்.

தஞ்சாவூரில் மிருதங்கம் செய்த பெர்னாண்டஸ் அவர். ஊரும் வித்வான்களும் கூப்பிட்ட பெயர் பர்லாந்து. செவிட்டியான் என்று அழைக்கப்பட்ட செபாஸ்டியனின் வழிவந்த தலித் கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவிடமிருந்து பிள்ளை, பிள்ளையிடமிருந்து பேரன் என்று வீட்டுக்குள்ளேயே கைமாறி வந்த தொழில். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) வாசித்த மிருதங்கங்களை ஆண்டுக்கணக்கில் செய்து கொடுத்தவர் பர்லாந்து.

அந்த வேலை எப்படிப்பட்டது? பலாக் கட்டையைக் குடைந்து எடுப்பது ஒரு பங்குதான். மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொன்று. தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, தடவிப் பார்த்தே எது வலப்பக்கத்து வலந்தலைக்கு, எது இடப்பக்கத்துத் தொப்பிக்கு என்று முடிவு செய்ய வேண்டும். அடுக்குகளைச் சேர்த்துப் பின்னி மூட்டு கட்டி, அதன் பதினாறு கண்களில் எருமைத்தோல் வாரைக் கோத்து இழுப்பார்கள். வார் பிடிக்கிற அன்று தோளும் இடுப்பும் விட்டுப்போகும். பிறகுதான் சோறு என்கிற கருப்புப் பூச்சு. கிட்டான் கல்லை மாவாக அரைத்து, வெந்த சாதத்தோடு பிசைந்து, வலந்தலையின் நடுவே கட்டைவிரலால் மெல்லிசாக அப்பி, வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். தேய்த்துக் காய்ந்ததும் தட்டிப் பார்ப்பார்கள். மறுபடி அப்புவார்கள். மறுபடி தேய்ப்பார்கள். கருப்பு வட்டத்தில் மயிரிழை வெடிப்புகள் விழும். அவை இல்லாவிட்டால் தோல் விறைத்துப்போய் நாதம் வராது.

இந்தச் சோற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டவர் சர் சி.வி. ராமன். 1920-லேயே இதைப் பற்றி எழுதியவர், 1934-ல் நம் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தபோது விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். வெறும் தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று சேராது. நடுவில் சோறு பாரம் ஏற்றியதும், ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே ஒலிகளாகக் கூடி, தந்தி வாத்தியத்தில் போல ஒத்திசைவாக நிற்கின்றன என்று காட்டினார். தோல்மேல் மணலைத் தூவி அந்த அதிர்வுகளைக் கண்ணுக்கே தெரியவைத்தார்.

ஆனால், இந்தத் தோலுக்கு, இந்தக் கட்டைக்கு எத்தனையாவது பூச்சோடு நிறுத்த வேண்டும் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. அதைச் சொல்வது செய்கிறவரின் காது. வாசிக்கிறவர் மனதில் என்ன நாதத்தைத் தேடுகிறாரோ, அதை அவர் வாயால் சொல்லும் அரைகுறைச் சொல்லிலிருந்து பிடித்து, தோலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மணி ஐயரும் பர்லாந்தும் சேர்ந்து சோதித்துச் சோதித்துக் கண்ட நாதம் அது. ஆகவே பர்லாந்து கைவினைஞர் மட்டுமல்ல, இசைக்கலைஞர் என்றே நான் சொல்வேன்.

சங்கீத சபைகள் அப்படி நினைக்கவில்லை. தோலைத் தொடுகிறவர்கள் என்று தள்ளி நிறுத்தினார்கள். அவர்கள் செய்த வாத்தியத்தை மட்டும் மேடையில் ஏற்றினார்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா இப்படி மிருதங்கம் செய்யும் குடும்பங்களைத் தேடிப்போய் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற புத்தகம் 2020-ல் வந்தது. அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கை, கலை நிறுவனமான கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது; விழா சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது.

அரியக்குடி, செம்பை போன்ற பாடகர்களுக்கு மணி ஐயர் வாசித்த பதிவு கிடைத்தால், மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் வரை காத்திருக்க வேண்டாம். வலந்தலையில் முதல் சாப்பு என்கிற அடி விழும்போதே கேளுங்கள். விரல் எடுத்த பிறகும் ஒரு ரீங்காரம் நிற்கும். விரல் மணி ஐயருடையது. நிற்கிற ரீங்காரத்தில் பாதி பர்லாந்துடையது. கச்சேரி ஒலிபரப்பில் பாடியவர், வயலின், மிருதங்கம் என்று பெயர் வாசிக்கும் வானொலி நண்பர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு: மிருதங்கம் செய்தவர் பெயரைக் கேட்டு வாங்கி, அதையும் சேர்த்து வாசியுங்கள்.