மூன்றில் ஒரு பங்கு: நோயாளிகளுக்காக ஒரு வஸிய்யத்

 

ஹிஜ்ரி 10 ஆம் ஆண்டு (கி.பி. 632) இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கடும் நோயுற்றார்கள். நலம் விசாரிக்க வந்த நபி (ஸல்) அவர்களிடம், தமக்கு வாரிசாக ஒரே மகள்தான் என்று கூறி, சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யட்டுமா என வினவினார்கள். அண்ணலார் மறுத்தார்கள். பாதியையும் மறுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கை அனுமதித்து, அதுவே அதிகம் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தாத நிலையில் விட்டுச் செல்வதே மேல் என்றும் அறிவுறுத்தினார்கள்.

அந்த ஸஅத் (ரலி) அவர்கள் நலம்பெற்று, அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். வஸிய்யத் எழுதினால் மரணம் நெருங்கும் என அஞ்சுவோருக்கு இதில் படிப்பினை உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவரின் நோய்ப்படுக்கை அருகே அமர்ந்திருந்தேன். "ஹஜ்ரத்! இரத்தச் சுத்திகரிப்புக்காக மதுரைக்கு அலையும் ஏழைகளுக்கு என் கடை ஒன்றின் விலை போய்ச் சேர வேண்டும்" என்றார். எழுதிவிடலாம் என்றேன். உடல் தேறட்டும் என்றார். மூன்றாம் நாள் ஜனாஸா. பிள்ளைகள் நல்லவர்களே. ஆயினும் எந்தக் கடை, யாரிடம் ஒப்படைப்பது என்பதற்கு விடையில்லை. அந்த எண்ணம் அவருடனேயே அடங்கிற்று. அன்றே எழுத வைக்காதது என் குறை.

ஷரீஅத்தின் வரிசை தெளிவானது: முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத், எஞ்சியது வாரிசுகளுக்கு. அதற்கு மேல் கொடுக்க, மரணத்திற்குப் பின் வாரிசுகளின் சம்மதம் தேவை. மரண நோயில் வழங்கும் அன்பளிப்பும் இந்த வரம்புக்கு உட்பட்டதே.

நம் நாட்டுச் சட்டத்தில் முஸ்லிமின் வாய்மொழி வஸிய்யத்தும் செல்லும். எனினும் எழுதுங்கள். மருத்துவ அறக்கட்டளையின் பதிவுப் பெயர், முகவரி, கொடுக்கும் சொத்து அல்லது பங்கு, நிறைவேற்றுபவர் ஆகியவற்றைக் குறித்து, இரு சாட்சிகளிடம் கையொப்பம் பெறுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது கட்டாயமன்று. ஆனால் தகராறைத் தவிர்க்க உதவும். ஆயுள் உள்ளவரை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

வாழும்போதே கொடுக்க விரும்புவோருக்கு வக்ஃபு இருக்கிறது. நாம் நோன்பில் அருந்தும் ரூஹ் அஃப்ஸாவைத் தயாரிக்கும் டெல்லி ஹம்தர்த் நிறுவனத்தை ஹக்கீம் அப்துல் ஹமீது அவர்கள் 1948 இல் வக்ஃபு ஆக்கினார்கள். அதன் வருவாய் மருத்துவத்திற்கும் கல்விக்கும் பயன்பட்டது.

நம் ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அத்துணி யார் காயத்தைக் கட்டும் என்பதை நெய்பவர் அறியார். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நாம் விட்டுச் செல்லும் பங்கும் அவ்வாறே, எம்மதத்தவராயினும் நோயுற்ற ஏழையைச் சென்றடையட்டும்.

உடல்நலமும் தெளிவும் உள்ளபோதே எழுதிவைக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.