‘வெள்ளிக்கிழமைக்குள்ள’ – இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றீங்க?

திருச்செங்கோட்டுல இருந்து பேசறேன். இன்னைக்கு எபிசோடுல ஒரே ஒரு சின்ன வார்த்தை: ‘பை’. ‘பை ஃப்ரைடே’, ‘பை ஃபைவ் ஓ க்ளாக்’னு நேரத்தோட சேர்ந்து வருமே, அந்தப் ‘பை’.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் முதல் வேலையில ஒரு அடி வாங்கற வரைக்கும்.

படிப்பு முடிச்சதும் இங்க ஒரு ரிக் ஸ்பேர்ஸ் கடையில சேர்ந்தேன். வெளியூர்ல கேக்கறவங்களுக்காகச் சொல்றேன்: ரிக்னா போர்வெல் போடற வண்டி. எங்க ஊரு அதுக்குப் பேர் போனது. இங்கிருந்து கிளம்பற வண்டிங்க வடமாநிலங்களுக்கும் போகும், ஆப்பிரிக்காவுக்கும் போகும். வண்டி எங்கேயோ நிக்கும், பார்ட்ஸ் இங்கிருந்து போகணும். என் வேலை கஸ்டமருக்கு மெசேஜ், மெயில் எல்லாம் இங்கிலீஷ்ல அனுப்பறது.

ஒருநாள் தமிழ் தெரியாத ஒரு கஸ்டமர், ஹேமர் எப்போ வந்து சேரும்னு கேட்டார். ஓனர் அண்ணன் சொன்னார், “வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரும்னு போடுப்பா.” நானும் உடனே டைப் பண்ணினேன்: ‘இட் வில் ரீச் பிஃபோர் ஃப்ரைடே.’

பார்சல் வெள்ளிக்கிழமை காலையில போய்ச் சேர்ந்தது. நாங்க நிம்மதியா இருந்தோம். ஆனா கஸ்டமர் போன்ல கத்தறார். அவர் வியாழக்கிழமையே பொருள் வந்துரும்னு நம்பி, புதுசா ஒரு பாயிண்ட்டுக்கு ஆளையும் வண்டியையும் கொண்டுபோய் நிறுத்திட்டார். ஒருநாள் முழுக்க வண்டி சும்மா நின்னிருக்கு. அண்ணன் என் மெசேஜை வாங்கிப் பார்த்தார். திட்டல. “நான் சொன்னது ஒண்ணு, நீ எழுதுனது ஒண்ணு”ன்னார். அந்தப் பில்லுல ஒரு தொகையைக் கழிச்சுக் குடுத்தார். அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது.

எங்க தப்பு? ‘பிஃபோர் ஃப்ரைடே’ன்னா வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி. அதாவது வியாழன் முடியறதுக்குள்ள. வெள்ளி அந்தக் கணக்குல வராது. ‘பை ஃப்ரைடே’ன்னா வெள்ளிக்கிழமையும் சேர்த்து. நாம ‘வெள்ளிக்கிழமைக்குள்ள’ன்னு சொல்றப்போ மனசுல இருக்கறது பெரும்பாலும் இந்த ‘பை’தான்.

சரி, நாம ஏன் தடுமாறறோம்? தமிழ்ல ‘க்குள்ள’ ஒண்ணே எல்லா இடத்துக்கும் போதும். ‘அஞ்சு மணிக்குள்ள வா’, ‘ஒரு மணி நேரத்துக்குள்ள வா’. ரெண்டுக்கும் அதே ‘க்குள்ள’. இங்கிலீஷ் இதை ரெண்டாப் பிரிக்குது. அதனாலதான் ‘ஐ வில் ஃபினிஷ் வித்தின் மண்டே’, ‘கம் வித்தின் ஃபைவ் ஓ க்ளாக்’னு நம்ம ஆபீஸ் குரூப்ல எல்லாம் ஓடுது. ரெண்டுமே தப்பு.

ஒரு சின்ன சோதனை சொல்றேன். ‘க்குள்ள’வுக்கு முன்னாடி இருக்கற வார்த்தையைப் பாருங்க. அது ‘எப்போ?’ங்கற கேள்விக்குப் பதிலா, இல்ல ‘எவ்வளவு நேரம்?’ங்கற கேள்விக்குப் பதிலா?

திங்கக்கிழமை, அஞ்சு மணி, மார்ச் 31, மாசக் கடைசி: இதெல்லாம் ‘எப்போ’. இதுக்கு ‘பை’. ‘பை மண்டே’, ‘பை ஃபைவ்’, ‘பை மார்ச் 31’.

ஒரு மணி நேரம், ரெண்டு நாள், மூணு வாரம்: இதெல்லாம் ‘எவ்வளவு’. இதுக்கு ‘வித்தின்’. ‘வித்தின் ஆன் அவர்’, ‘வித்தின் டூ டேஸ்’.

எங்க ஊர்ல கடன் வாங்கினவங்க, “வைகாசித் தேருக்குள்ள குடுத்துடறேனுங்க”ன்னு சொல்லுவாங்க. அர்த்தநாரீஸ்வரர் தேர் ஒரு குறிப்பிட்ட சமயம், ‘எப்போ’. அப்போ இங்கிலீஷ்ல? ‘பை தி கார் ஃபெஸ்டிவல்.’ கரெக்ட்.

அடுத்த குழப்பம் ‘டில்’. இது ‘வரைக்கும்’. ஒரு வேலை அந்த நேரம் வரை தொடர்ந்து நடந்துக்கிட்டே இருந்தா ‘டில்’. அந்த நேரத்துக்குள்ள ஒருதடவை நடந்து முடிஞ்சா ‘பை’. ‘ஐ வில் வெயிட் டில் ஃபைவ்’: அஞ்சு மணி வரைக்கும் காத்திருப்பேன். ‘ஐ வில் ரீச் பை ஃபைவ்’: அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன். தமிழ்ல இதை நாம யாரும் மாத்திச் சொல்றதில்லை. ‘அஞ்சு மணி வரைக்கும் வந்து சேர்ந்துடுவேன்’னு சொன்னா பாட்டி சிரிப்பாங்க. அந்தக் காதை நம்புங்க. இங்கிலீஷ்ல எழுதறதுக்கு முன்னாடி தமிழ்ல ஒருதடவை சொல்லிப் பாருங்க. ‘க்குள்ள’ வருதா, ‘வரைக்கும்’ வருதா? பாதிப் பிரச்சனை அங்கயே முடிஞ்சிரும்.

இதே ‘க்குள்ள’ இன்னொரு இடத்துலயும் உதவும். ‘நான் போறதுக்குள்ள பஸ் போயிருச்சு.’ இங்க ‘க்குள்ள’வுக்கு முன்னாடி இருக்கறது மணியோ கிழமையோ இல்ல, ஒரு செயல். அப்போ ‘பை த டைம்’. ‘பை த டைம் ஐ காட் தேர், தி பஸ் ஹேட் லெஃப்ட்.’ இனிமே நடக்கப்போறதுன்னா, ‘பை த டைம் யூ கம், ஐ வில் ஹேவ் லெஃப்ட்.’ கவனிங்க, ‘பை த டைம் யூ வில் கம்’ இல்ல. ‘பை த டைம்’ பக்கத்துல ‘வில்’ உக்காராது. தமிழ்லயும் ‘நீ வர்றதுக்குள்ள’ன்னுதானே சொல்றோம்? ‘வருவதற்குள்’னு எழுதறோமே தவிர, ‘வருவேன்’, ‘வருவாய்’னு அங்க முழு வினை வராது.

“இந்த ஒருநாள் வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா”ன்னு இன்னும் தோணுதா? கோர்ட்டுக்குப் போவோம் வாங்க. வண்டி, ஃபைனான்ஸ்னு ஓடற ஊருக்குச் செக் பவுன்ஸ் கேஸ் புதுசு இல்ல. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவுப்படி, செக் திரும்புச்சுன்னு பேங்க் சொன்னதுல இருந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும். நோட்டீஸ் கிடைச்சவர் 15 நாளுக்குள்ள பணம் கட்டணும். கட்டலைன்னா, வழக்குக்கான காரணம் உருவான தேதியில இருந்து ஒரு மாசத்துக்குள்ள புகார் போடணும். இங்கிலீஷ்ல அந்த இடம் ‘வித்தின் ஒன் மந்த் ஆஃப் தி டேட்’. ‘ஃப்ரம்’ இல்ல, ‘ஆஃப்’.

அப்போ அந்த முதல் நாளைக் கணக்குல சேர்க்கணுமா, கூடாதா? சேர்த்தா புகார் ஒருநாள் லேட், வழக்கே நிக்காது. சேர்க்கலைன்னா சரியான நேரத்துல வந்த புகார். 1999-ல சுப்ரீம் கோர்ட்லயே ரெண்டு தீர்ப்பு வேற வேற திசையில போச்சு. கடைசியா 2013-ல மூணு நீதிபதிகள் அமர்வு உக்காந்து, இந்த இடத்துல ‘ஆஃப்’ இருந்தாலும் ‘ஃப்ரம்’ இருந்தாலும் ஒண்ணுதான், முதல் நாளை விட்டுட்டு எண்ணணும்னு முடிச்சுவெச்சாங்க. 1897-ம் வருஷத்துப் பொது உட்கூறுகள் சட்டத்துலயும், ‘ஃப்ரம்’னு போட்டா முதல் நாளை விட்டுடணும், ‘டு’ன்னு போட்டா கடைசி நாளைச் சேர்த்துக்கணும்னு இருக்கு. ஒரு சின்ன வார்த்தைக்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்காங்க. நாம ஒரு மெசேஜ்ல கவனமா இருந்தா போதும்.

அதனால கடைசியா ஒரு பழக்கம் சொல்றேன். ‘பை ஃப்ரைடே’ சரிதான். ஆனா வெள்ளிக்கிழமை காலையா, கடை மூடற நேரமா, ராத்திரி பன்னெண்டா? படிக்கறவர் அவருக்கு வசதியானதை எடுத்துக்குவார். பணமோ வேலையோ சம்பந்தப்பட்டிருந்தா மணியையும் தேதியையும் சேர்த்துப் போடுங்க: ‘பை 5 பி.எம். ஆன் ஃப்ரைடே, தி ட்வெல்ஃப்த்.’ அப்புறம் சண்டைக்கே இடமில்ல.

இப்போ உங்களுக்கு வீட்டுப்பாடம். மூணு வாக்கியம், இங்கிலீஷ்ல மாத்துங்க. ஒண்ணு: ‘பத்து நிமிஷத்துக்குள்ள கூப்பிடறேன்.’ ரெண்டு: ‘பத்து மணிக்குள்ள கூப்பிடறேன்.’ மூணு: ‘பத்து மணி வரைக்கும் ஆபீஸ்ல இருப்பேன்.’ ‘வித்தின்’, ‘பை’, ‘டில்’னு வரிசையா வந்துச்சுன்னா இன்னைக்கு எபிசோடு உங்களுக்குப் புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

அந்த ஹேமர் கதைக்கு ஒரு பின்குறிப்பு. அதுக்கப்புறம் அண்ணன் எந்த மெசேஜ் போடச் சொன்னாலும், நான் ஒரு கேள்வி கேப்பேன்: “அண்ணா, வெள்ளியும் சேர்த்தா, வெள்ளிக்கு முன்னாடியா?” முதல் ரெண்டு தடவை முறைச்சார். மூணாவது தடவையில இருந்து அவரே, “வெள்ளி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ளன்னு போடுப்பா”ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டார்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.