“டீச்சர், இவன் என்னை…”



தொடக்கப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். “டீச்சர், இவன் என்னை அடிக்கிறான்.” “டீச்சர், இவ பட்டப்பேர் சொல்றா.” ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பேன்! முக்கால்வாசி பென்சில் சண்டைதான். அதனால் என் வாயில் பதில் தயாராகவே இருக்கும்: “போய் உட்காரு, கோள் சொல்லாதே.”

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். பேச்சு கொஞ்சம் திக்கும். மூன்று முறை என் மேசைக்கு வந்தான். மூன்று முறையும் அவன் வாக்கியத்தை முடிக்கும்வரை எனக்குப் பொறுமையில்லை. நான்காவது முறை வரவில்லை. சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் சத்துணவு சமைக்கும் அம்மா வந்து சொன்னார்: “டீச்சர், அந்தப் புள்ள தட்டை எடுத்துக்கிட்டு மாடிப்படிக்குப் பின்னால ஒளிஞ்சு சாப்பிடுது.” வரிசையில் நிற்கும்போது அவன் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறார்கள். ஒரு நாளல்ல, ஒன்றரை மாதம். வகுப்பில் இருந்த 32 பிள்ளைகளுக்கும் அது தெரியும். எனக்குத்தான் தெரியாது.

பிள்ளைகள் சண்டை வேறு, இது வேறு. சண்டை போட்ட இருவரும் மறுநாள் சேர்ந்து கோலி ஆடுவார்கள். இதிலோ, திருப்பி அடிக்க வலுவில்லாத ஒரே பிள்ளையைத் தேடித் தேடி, திரும்பத் திரும்பச் சீண்டுவார்கள். இந்த வேறுபாட்டை உலகத்துக்குப் பாடமாக்கியவர் நார்வேயில் வாழ்ந்த உளவியலாளர் டான் ஒல்வேயுஸ். 1982இல் அந்த நாட்டில் இத்தகைய தொல்லைக்கு ஆளான மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அரசு விழித்துக்கொண்டது. 1983இல் பெர்கன் நகரத்தில் 42 பள்ளிகளில் அவர் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். இடைவேளையில் பெரியவர்கள் மைதானத்தில் நிற்க வேண்டும், வகுப்புக்கு வகுப்பு தெளிவான விதி வேண்டும், இருதரப்புப் பெற்றோரிடமும் பேச வேண்டும். இரண்டே வருடத்தில் தொல்லை பாதியளவு குறைந்ததாக அவர் பதிவு செய்தார்.

கனடாவில் டொராண்டோ ஆய்வாளர்கள் பள்ளி மைதானத்தைத் தொலைவிலிருந்து படம் பிடித்தார்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது சம்பவங்களில் வேறு பிள்ளைகள் சுற்றி நின்றிருக்கிறார்கள். அவர்களில் யாராவது குறுக்கே புகுந்தது 19 சதவீதத்தில்தான். ஆனால் புகுந்தபோது, பாதிக்கு மேல் 10 விநாடிக்குள் அடங்கிவிட்டது! 10 விநாடி, அய்யா! என் வகுப்பில் 32 பேர் ஒன்றரை மாதம் வாய் திறக்கவில்லை. கோள் சொல்லாதே என்று அந்த வாயை அடைத்தவள் நான்.

நம் ஊர்க் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 2023 ஆகஸ்ட், நாங்குநேரி. கூடப் படித்தவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமல் நின்ற ஒரு மாணவன், நடந்ததைப் பள்ளியில் சொன்னான். அன்று இரவே வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றியெல்லாம் அது அரசுக்குப் பரிந்துரை தந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த அரிவாள் அங்கேயா முளைத்தது? “அவன் பக்கத்துல உட்காராதே” என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லி அனுப்பினோமே, அன்றைக்கு முளைத்தது.

ஆசிரியத் தோழர்களே, உங்களிடமும் உரிமையோடு கேட்கிறேன். “ஏய் குண்டு”, “ஏய் சோடாபுட்டி” என்று நாம் கூப்பிட்ட பெயரைத்தானே பிள்ளைகள் மைதானத்துக்கு எடுத்துப் போகிறார்கள்? பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் அதிகாரத்தை ஒரே பிள்ளை கையில் வருடம் முழுக்க விடாதீர்கள். வாரத்துக்கு ஒருவராக மாற்றுங்கள். தப்பு செய்த பிள்ளையைப் பிரம்பால் அடிக்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், வலுத்தவன் அடிக்கலாம் என்பதைத்தானே அந்தப் பிரம்பும் கற்பிக்கிறது? இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, “சாரி சொல்லு, கை கொடு” என்று முடித்துவிடாதீர்கள். பயந்த பிள்ளை உங்களுக்காகக் கை கொடுக்கும். மணி அடித்ததும் அதே கை முறுக்கப்படும். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து, மறுபடி கேளுங்கள்.

பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள். அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவரையும் குடிநீரையும் பேசிவிட்டு, இதையும் கேளுங்கள்: இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் நிற்கப்போகும் பெரியவர் யார்? சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காரும் பிள்ளை எது?

கண்ணுகளா, கடைசியா உங்ககிட்ட. உங்களை யாராவது நோகடிச்சாலும், பக்கத்துல இருக்கிற பிள்ளையை நோகடிச்சாலும், வந்து சொல்றது கோள் இல்லை. டீச்சர்கிட்ட சொல்லுங்க, அம்மாகிட்ட சொல்லுங்க, 1098க்குப் போன் போட்டுச் சொல்லுங்க. மூணு தடவை சொல்லியும் டீச்சர் கேக்கலையா? நாலாவது தடவையும் வாங்க.