கரடியும் கரையான் புற்றும்



கரடியை நான் முதன்முதலில் கண்டது காட்டில் அன்று. எங்கள் ஊராகிய சேத்தியாத்தோப்பில், குறுக்கு ரோட்டில். ஆண்டு 1969, அப்போது எனக்கு வயது ஒன்பது. வெள்ளாற்றங்கரையிலுள்ள எங்கள் ஊரைச் சுற்றி நெல்வயலும் கரும்புக் கொல்லையும் உண்டே தவிர, காடு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும் அறுவடை முடிந்த நாட்களில் ஒரு கரடி வரும். வடக்கேயிருந்து வந்த வித்தைக்காரர் ஒருவர் அதன் மூக்கில் கோத்த கயிற்றைப் பற்றி நடத்தி வருவார். அவர் உடுக்கையைத் தட்டியதும் அது பின்னங்கால்களில் நின்று ஆடும். பத்துப் பைசா கொடுத்தால், குழந்தையை அதன் முதுகில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அப்படிச் செய்தால் குழந்தை இரவில் அஞ்சி அலறாது என்பது ஊரார் நம்பிக்கை. கரடி மயிர் அடைத்த தாயத்துக்கு விலை தனி. என் தாயார் என்னையும் ஏற்றிவிட்டார்கள். கழுத்து மயிரை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது. கரடி என்றால் இதுதான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

அது பிழை. காட்டில் வாழும் கரடி வேறு.

இந்தியாவில் நான்கு வகைக் கரடிகள் உண்டு. பழுப்புக் கரடியும் ஆசியக் கருங்கரடியும் இமயமலைப் பக்கத்தவை. உருவிற் சிறிய சூரியக் கரடி வடகிழக்கு மாநிலங்களில் உள்ளது. நம் தமிழ்நாட்டுக் காடுகளில் உள்ளது நான்காவது வகை. இதுவும் கறுப்பே, ஆனால் இமயத்துக் கருங்கரடியன்று. முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு முண்டந்துறை ஆகிய காடுகளில் வாழ்வது இதுதான். ஈழத்தின் வறண்ட காடுகளிலும் இதன் உட்பிரிவு ஒன்று உண்டு. பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் அது மரத்தின்மேலேயே பெரும்பொழுதைக் கழிக்கும்.

ஆங்கிலத்தில் இதற்குச் 'சோம்பேறிக் கரடி' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. இப்பெயர் வந்த கதை வேடிக்கையானது. 1791-இல் ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கில விலங்கு நூலார் இவ்விலங்கை வகைப்படுத்தினார். நீண்ட நகங்களும், மேல்வாயின் முன்புறத்தில் இரண்டு பற்கள் இல்லாமையும் அவரை மயக்கின. தென்னமெரிக்காவில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கும் 'சோம்பேறி' என்ற விலங்கின் இனமே இது என்று அவர் எழுதிவிட்டார். பிழை பின்னர்த் திருத்தப்பட்டது; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. உண்மையில் இது சோம்பேறியே அன்று. ஓடினால் மனிதனை எளிதில் முந்திவிடும்.

ஷாவை மயக்கிய அவ்விரு குறிகளே இவ்விலங்கின் வாழ்க்கையைத் திறக்கும் சாவிகள். புலியின் உடல் மானுக்காக அமைந்தது என்று சொல்லலாமானால், இக்கரடியின் உடல் கரையானுக்காக அமைந்தது என்று சொல்லவேண்டும். நகங்கள் மூன்று அங்குலத்துக்கு மேல் நீளமுள்ளவை. பூனையின் நகம்போல உள்ளிழுத்துக் கொள்ளக்கூடியவை அல்ல. செம்மண் புற்று கோடையில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் கடப்பாரை பிடித்தவர் அறிவர். அதனை இக்கரடி நகத்தால் பெயர்த்துவிடும். பின்பு வாயைத் துளையிற் பொருத்தி, பெருமூச்சாக ஊதித் தூசியையும் மண்ணையும் அகற்றும். அடுத்து மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும். இதனால் நினைத்தபோது மூக்கை மூட இயலும். நீண்டு நீளும் உதடுகளைக் குழல்போலக் குவித்து, முன்பல் இல்லாத அந்த இடைவெளியின் வழியே கரையான்களை உள்ளே உறிஞ்சும். ஊதலும் உறிஞ்சலுமாகிய இவ்வொலி 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

இதனை நூலில் படித்தபோது, வேறெங்கோ படித்த நினைவு வந்தது. அகநானூற்றை எடுத்துப் புரட்டினேன். ஆலம்பேரி சாத்தனார் பாடிய 81-ஆம் பாட்டில், இலுப்பையின் இனிய பழத்தைத் தின்று சலித்த கரடியொன்று, கரையான்கள் கூடி முயன்று எழுப்பிய நெடும்புற்றைத் தோண்டி இரை தேடுகிறது. அதற்குப் புலவர் காட்டும் உவமை கொல்லனுடைய உலைத்துருத்தி. மாணவர்களே, இதனைச் சற்று நினைத்துப் பாருங்கள். துருத்தியும் ஊதும், இழுக்கும். அருகில் நின்று கேளாதவருக்கு இவ்வுவமை தோன்றியிராது. இலண்டனில் ஷா தடுமாறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம்மவர் கண்டெழுதிய செய்தி இது. தமிழாசிரியர்கள் இப்பாட்டைப் பிரிவுத்துயர்ப் பாட்டாகவே நடத்துகிறார்கள். விலங்கியல் ஆசிரியரும் ஒருமுறை நடத்தலாம்.

கரையானைத் தின்பதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். மழை விட்ட மாலையில் ஈசல் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அதே கரையானின் இறகு முளைத்த வடிவந்தானே ஈசல்! கரடியோ எறும்பு, கரையான், தேன் இவற்றோடு பழங்களையும் விரும்பும். நாவல், அத்தி, இலந்தை ஆகியவற்றோடு கொன்றைக் காயின் இனிய சதையையும் தின்னும். இலுப்பைப் பூ உதிரும் காலத்தில் மரத்தடியிலேயே காத்திருக்கும். தின்ற கொன்றையின் விதைகள் சிதையாமல் வெளிவந்து, வேறிடத்தில் முளைக்கின்றன. காட்டில் நாம் காணும் கொன்றை மரங்களில் சிலவற்றைக் கரடியே நட்டிருக்கும்.

குட்டிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில், பாறைக் குகையிலோ மண்வளையிலோ பிறக்கின்றன. ஒன்று அல்லது இரண்டு, மூன்று அரிது. இரண்டு மூன்று மாதம் கழித்துத் தாய் அவற்றை வெளியே கொண்டுவருகிறது. எப்படி? முதுகில் ஏற்றிக்கொண்டு. உலகிலுள்ள எண்வகைக் கரடிகளில் குட்டிகளை இவ்வாறு வழக்கமாகச் சுமப்பது இந்த ஒரு வகைதான். தோளில் அடர்ந்து நீண்ட மயிர் குட்டிகளுக்குக் கைப்பிடி. ஆபத்து வந்தால் குட்டி கீழே நிற்பதில்லை, முதுகுக்குத் தாவிவிடும். 2018-இல் மகாராஷ்டிர மாநிலத்துத் தாடோபாக் காட்டில் குட்டியுடன் வந்த தாய்க்கரடியொன்று புலியோடு நேருக்கு நேர் போரிட்டது. அக்காட்சி படமாக்கப்பட்டு உலகெங்கும் பரவியது.

இனி இதன் சினத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இதற்கு மோப்பம் மிகக் கூர்மை. கண்ணும் செவியும் அவ்வளவு கூர்மையல்ல. காற்று எதிர்த்திசையில் அடிக்கும்போது, புற்றில் முகம் புதைத்து, தானே எழுப்பும் ஒலியில் மூழ்கியிருக்கும் கரடிக்கு, மனிதன் பத்தடியில் வரும் வரையில் தெரிவதில்லை. திடீரென்று கண்டதும் திகைக்கிறது, திகைப்பு தாக்குதலாகிறது. மனிதனைத் தின்பதற்காக அன்று. காயம்பட்டவருக்கு அவ்வேறுபாட்டால் ஆறுதல் இல்லை என்பதும் உண்மையே. நகங்கள் பெரும்பாலும் முகத்தையும் தலையையும் குறிவைக்கின்றன. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையத்துக்கு அருகே ஒரு கரடி மூவரைக் கொடுமையாகக் காயப்படுத்தியது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் அது தேயிலைத் தோட்டங்களில் நடமாடுகிறது; கோயிற் கதவை உடைத்து விளக்கெண்ணெயைக் குடித்துச் செல்கிறது.

இங்கே என் தவறொன்றையும் கூறிவிடுகிறேன். இரு நண்பர்கள் காட்டில் கரடியைக் கண்ட கதையை நீங்கள் அனைவரும் படித்திருப்பீர்கள். ஒருவன் மரமேறினான், மற்றவன் மூச்சடக்கிப் பிணம்போலக் கிடந்தான், கரடி மோந்துபார்த்துவிட்டுப் போயிற்று. இக்கதையை நான் முப்பது ஆண்டுகளாக வகுப்பிற் சொன்னேன். ஒருநாள் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கரடியின் மூக்கு நல்ல மூக்கு என்றீர்களே, உயிருள்ளவனைப் பிணம் என்று அது எப்படி நம்பும்?" என்று கேட்டான். "கதையில் குறுக்குக் கேள்வி கூடாது, உட்கார்" என்று அதட்டிவிட்டேன். அவன் கேட்டது சரியான கேள்வி. கரடி செத்த விலங்கின் இறைச்சியைச் சில வேளைகளில் தின்னவும் செய்யும். பிணத்தைக் கண்டு விலகுவது அதன் இயல்பன்று. மரமேறியவன் தப்பினான் என்பதும் ஐயமே. தேனடைக்காக மரமேறுவதில் இக்கரடி வல்லது.

எனினும் கதையில் பாதி உண்மை இருக்கிறது. தாக்கும் கரடியிடமிருந்து ஓடித் தப்புவது அரிது. ஆதலால் குப்புறப் படுத்து, முகத்தைத் தரையில் புதைத்து, இரு கைகளையும் பிடரியில் கோத்துக்கொள்ள வேண்டும் என்று இத்துறை அறிந்தோர் கூறுகின்றனர். பிணமாக நடிப்பதற்கன்று, முகத்தையும் கழுத்தையும் காப்பதற்கு. அதனினும் நல்லது, காட்டுவழியில் கூட்டமாக, உரக்கப் பேசிக்கொண்டு நடப்பது. நம் வரவை அதற்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அதுவே விலகிப்போகும்.

குறுக்கு ரோட்டில் ஆடிய கரடியின் கதையும் எனக்குப் பிற்பாடே தெரியவந்தது. தாயைக் கொன்று குட்டியைப் பிடிப்பார்கள், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மூக்கைத் துளைத்துக் கயிறு கோப்பார்கள், பற்களைத் தட்டிவிடுவார்கள். கயிற்றை இழுத்தால் நோவு பொறாமல் எழுந்து நிற்கும்; அதையே நாங்கள் ஆட்டம் என்று கைதட்டினோம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் வித்தை உடனே ஒழியவில்லை. வித்தைக்காரர் குடும்பங்களுக்கு வேறு பிழைப்புக்கு வழிசெய்து, கரடிகளை ஒவ்வொன்றாக மீட்டு, அவ்வழக்கம் முடிவுக்கு வந்தது 2009-இல்தான். மீட்ட கரடிகளைக் காட்டில் விட இயலவில்லை. பல்லும் பழக்கமும் இழந்தவை அங்கே பிழைப்பது அரிது. ஆகவே ஆக்ரா, பன்னேருகட்டா முதலிய இடங்களில் வைத்துக் காக்கின்றனர்.

பணி ஓய்வு பெற்றபின் ஒருமுறை பன்னேருகட்டாவுக்குச் சென்றிருந்தேன். வேலிக்கு அப்பால் ஒரு கிழக்கரடி. மூக்கின்மேல் பழைய வடு. துளையிட்ட மரக்கட்டையொன்றில் தேன் தடவி வைத்திருந்தார்கள். அது கட்டையை முன்னங்கால்களால் அணைத்து, துளையில் வாயை வைத்து, முதலில் ஊதிற்று, பிறகு உறிஞ்சிற்று. நான் நின்ற இடம் வரையில் அவ்வொலி கேட்டது, கொல்லன் பட்டறை அடுத்த தெருவில் இருப்பதுபோல.