இந்தச் சம்பளம் பத்துமா?

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் சீனி வருத்தம், பிரஷர், சத்துணவு என்று ஏதாவது சொல்வார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். இன்று நாம் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். பேச்சு முடியும்போது இதுவும் உடல்நலப் பேச்சுதான் என்பது விளங்கும்.

இந்தப் பாடசாலையை விட்டுப் போன நம் எல்லோருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கும். "அக்கா, கொழும்பில் ஒரு வேலை சரிவந்திருக்கு. சம்பளம் ஐம்பதாயிரமாம். பத்துமா?" கேட்பவள் கம்பளையிலோ கலஹாவிலோ இருக்கும் தங்கையாக இருப்பாள். சிலவேளை பதுளையிலிருந்து கண்டிக்கு வேலைக்கு வரும் பிள்ளையாக இருப்பாள். அவளுக்குக் கண்டிதான் புது நகரம். பெரும்பாலும் அவளுக்குக் கிடைக்கும் பதில், "நல்ல சம்பளம்தானே, வா" என்பது. அல்லது "எப்படியும் சமாளிக்கலாம்" என்பது. இரண்டையும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அவள் கேட்டதற்கு இரண்டிலும் பதில் இல்லை.

இந்தக் கேள்வி நம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளருக்கு ஆகக் குறைந்த சம்பளத்தை நிர்ணயிக்க 1927 இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி உயர்ந்த மலைப் பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று வகுத்தார்கள். அப்போது சம்பளத்தோடு இன்னொன்றையும் சேர்த்தே நிர்ணயித்தார்கள்: தோட்டம் தொழிலாளருக்குக் கொடுக்கும் அரிசியின் விலை. அரிசி விலை தெரியாமல் சம்பளத்தை மட்டும் சொன்னால் அது போதுமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது என்பது நூறு வருடங்களுக்கு முன்பே விளங்கியிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் போய்த் தோட்டங்களில் சமசம்பளம் வந்தது 1984 இல்தான். நம்மில் பலருடைய பாட்டிமார் அந்தக் குறைந்த சம்பளத்தில்தான் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பினார்கள்.

அண்மைக் காலத்தையும் பாருங்கள். நாட்சம்பளம் 1000 ரூபா வேண்டும் என்று நம்மவர்கள் பல வருடங்கள் கேட்டார்கள். 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் வந்தது. அடுத்த வருடம் செப்டம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி, பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. உணவுப் பொருட்களின் விலையேற்றம் 90 சதவீதத்தைத் தாண்டியது. கையில் இருந்தது அதே 1000 ரூபா நோட்டுதான். கடையில் அது வாங்கிய மாவும் பருப்பும் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ஆனது. தனியார் துறைக்கான தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளமும் 2016 இல் 10,000 ஆக இருந்து, 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் ஏறியிருக்கிறது. எண் ஏறுவது நல்லதுதான். அந்த எண் எந்த ஊரில், எந்த வருடத்தில், எதை வாங்கும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஆகவே, "பத்துமா?" என்று கேட்கும் தங்கையோடு சேர்ந்து ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கடதாசியும் பேனையும் போதும்.

முதலில் கைக்கு வரும் தொகை. ஊழியர் சேமலாப நிதிக்கு அவளுடைய சம்பளத்தில் 8 சதவீதம் கழியும். முதலாளி தன் பங்காக 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும். அவை அவள் சம்பளத்தில் வெட்டப்படக் கூடாது. சில இடங்களில் முதலாளியின் பங்கையும் சேர்த்துப் பெரிய எண்ணாகச் சொல்வார்கள். வரவுக் கொடுப்பனவு, ஊக்கக் கொடுப்பனவு, மேலதிக நேரச் சம்பளம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்வார்கள். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தால் வரவுக் கொடுப்பனவு போய்விடும். எனவே நியமனக் கடிதத்தில் உள்ள நிலையான தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை வந்தால் சேமிப்புக்கு.

இரண்டாவது தங்குமிடம். வாடகை எவ்வளவு என்பதோடு கேள்வி முடிவதில்லை. முற்பணம் எத்தனை மாதத்துக்கு? லைட் பில், தண்ணீர் பில் வாடகைக்குள் அடங்குமா? சமைக்க விடுவார்களா? சமைக்க விடாத போடிங்கில் வாடகை குறைவாக இருந்தாலும் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. கண்டியையே எடுத்துக்கொண்டால், மலைகளுக்கு நடுவில் சமநிலம் குறைந்த நகரம் இது. நடந்து போகும் தூரத்தில் அறை தேடினால் விலை கூடும். மலைமேல் ஹந்தானைப் பக்கமோ அம்பிட்டியப் பக்கமோ போனால் வாடகை குறையலாம். ஆனால் வேலை முடியும் நேரத்துக்குப் பஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பஸ் இல்லாவிட்டால் முச்சக்கரவண்டி. பெரஹெரா நாட்களில் பாதைகள் மூடப்படும். அந்தச் செலவும் அந்தத் தாமதமும் வேறு.

மூன்றாவது சாப்பாடு. ஒரு நாள் சாப்பாட்டுக்கு என்ன செலவு என்று அந்த ஊரில் இருப்பவரிடம் கேட்டு, முப்பதால் பெருக்குங்கள். அதன் பிறகு பஸ், தொலைபேசி, சவர்க்காரம், மாதவிடாய்த் துவாய், மருந்து. கடைசியாக வீட்டுக்கு அனுப்பும் பணம்.

இப்போது அந்த ஐம்பதாயிரத்தைப் பார்ப்போம். கீழே வரும் செலவுகள் கணக்கைக் காட்டுவதற்காக நாமே இட்டவை. உங்கள் ஊரில் விசாரித்து உங்கள் எண்களை இட்டுக்கொள்ளுங்கள். சேமலாப நிதிக்கு 4,000 போகக் கையில் 46,000. பகிர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு 12,000. சாப்பாடு நாளுக்கு 600 வீதம் 18,000. பஸ் நாளுக்கு 150 வீதம் 25 நாளைக்கு 3,750. சில்லறைச் செலவு 4,000. வீட்டுக்கு 10,000. கூட்டினால் 47,750. கையில் வருவதைவிட 1,750 ரூபா கூட.

சிறிய தொகைதானே என்று தோன்றும். ஆனால் அந்த 1,750 எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள். போடிங்கார அம்மா வாடகையில் குறைக்கமாட்டார். பஸ்ஸில் கொண்டக்டர் குறைக்கமாட்டார். வீட்டில் தம்பியின் டியூஷன் காசு நிற்கக் கூடாது. குறைத்தாலும் யாரும் வந்து கேட்காத ஒரே செலவு அவளுடைய சாப்பாடுதான். நாளுக்கு 58 ரூபா வீதம் அங்கேதான் கை வைப்பாள். முதலில் முட்டை போகும், பிறகு மீன் போகும், பிறகு காலைச் சாப்பாடே போகும்.

நாங்கள் வைத்தியர்கள் அவளைச் சந்திப்பது அதற்குப் பிறகுதான். தீபாவளிக்கோ வருடப் பிறப்புக்கோ லீவில் ஊருக்கு வரும்போது அம்மா கூட்டிக்கொண்டு வருவார். "இவளுக்கு எப்பவும் களைப்பு, தலைசுற்று, முடி கொட்டுது டொக்டர்." நாக்கும் கண்ணிமையின் உட்புறமும் வெளிறிப்போயிருக்கும். வயதுவந்த, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் குருதிச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலர் அதற்குக் கீழேதான் நிற்கிறார்கள். காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், பிளேன்டீயும் பணிஸும் என்பார்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சுவதையும் குறைக்கிறது. இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கிறோம். மாத்திரை முடிந்ததும் அவள் திரும்பிப் போவது அதே 58 ரூபா குறையும் இடத்துக்குத்தான். நாளை அவள் கர்ப்பமாகும்போது இந்தக் கடன் அவளோடு நிற்காமல் பிள்ளைக்கும் போகும்.

இங்கிலாந்தில் யோர்க் நகரில் 1899 இல் சீபொம் ரௌன்ட்றி என்பவர் தொழிலாளர் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தார். உடலை ஓட வைப்பதற்கு மட்டும் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு 1901 இல் நூலாக வெளியிட்டார். அந்தக் கணக்கின்படி வாழும் குடும்பம் பஸ்ஸுக்கு ஒரு சதமும் செலவழிக்க முடியாது, தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போட முத்திரை வாங்கவும் முடியாது என்பதை அவரே எடுத்துச் சொன்னார். உயிரோடு இருக்கப் போதுமான தொகை வேறு, வாழப் போதுமான தொகை வேறு. "சமாளிக்கலாம்" என்ற சொல் பெரும்பாலும் முதலாவதைத்தான் குறிக்கிறது.

தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவது என்பதை மகள் புறப்படுமுன்பே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். கணக்கில் முதல் வரியாக அவளுடைய சாப்பாட்டை எழுதுங்கள். வீட்டுக்கான தொகை கடைசி வரியாக இருக்கட்டும். மூத்த பெண் கடைசியாகச் சாப்பிடுவது நம் வீடுகளில் பழகிப்போன விடயம். நகரத்தில் அவள் தனியாக இருக்கும்போதும் அந்தப் பழக்கம் தொடர்கிறது, பார்த்துக் கேட்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.

மாணவிகளே, கணக்கில் துண்டு விழுந்தால் வேலையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம். தங்குமிடம் தரும் இடத்தைத் தேடலாம். வீட்டுக்கு அனுப்புவதை ஆறு மாதத்துக்குக் குறைக்கலாம். தெரிந்துகொண்டு போவதும் தெரியாமல் போவதும் ஒன்றல்ல. இன்னொன்று: முதல் சம்பளம் மாத முடிவில்தான் வரும். முற்பணம், மெத்தை, பஸ், முப்பது நாள் சாப்பாடு எல்லாம் அதற்கு முன்பே வேண்டும். நகையை அடகு வைப்பதும் வட்டிக்கு வாங்குவதும் பெரும்பாலும் இந்த முதல் மாதத்தில்தான். அந்த வட்டி மேலே போட்ட கணக்கில் இல்லை.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளிடம் இப்போது வருகிறோம். டொலரையும் பவுணையும் திர்ஹாமையும் ரூபாவால் பெருக்கிப் பார்த்தால் எந்தச் சம்பளமும் பெரிதாகத்தான் தெரியும். செலவும் அதே டொலரில் என்பது பெருக்கும்போது நினைவுக்கு வருவதில்லை. ஒரே நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் கணக்கு மாறும். பிரித்தானியாவில் வாழ்வதற்குப் போதுமான சம்பளத்தைக் கணக்கிடுபவர்கள் லண்டனுக்கு ஒரு தொகையும், நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு அதைவிடக் குறைந்த தொகையும் என்று தனித்தனியாக அறிவிக்கிறார்கள். ரொறன்ரோவில் அறை வாடகை சம்பளத்தில் எத்தனை பங்கு, வளைகுடாவில் தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி பொறுப்பா என்பதெல்லாம் அங்கே இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். ஊருக்குப் பேசும்போது அதைச் சொல்வதற்கு நமக்குக் கூச்சம். வீட்டார் கவலைப்படுவார்கள் என்ற எண்ணம் வேறு. ஆனால் உங்களுடைய ஒரு உண்மையான எண், ஒரு தங்கையைக் கடனிலிருந்து காப்பாற்றும்.

ஆகவே நூற்றாண்டை ஒட்டிச் சங்கத்தின் முன் இரண்டு யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, ஒரு ஊர்க்கணக்குக் கொப்பி. பழைய மாணவிகள் வாழும் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒருவர் பொறுப்பெடுத்து, வருடத்துக்கு ஒரு தடவை ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுதித் தர வேண்டும்: அறை வாடகை, முற்பணம், ஒரு நாள் சாப்பாடு, வேலைக்குப் போய்வரும் செலவு, சம்பளத்தில் கழியும் பங்கு, இரவில் பத்திரமாகத் திரும்ப வழி. பெயரும் வேண்டாம், சொந்தச் சம்பளமும் வேண்டாம். உயர்தரப் பரீட்சை முடித்து வெளியேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பிரதி கிடைக்கட்டும். இரண்டாவது, வட்டியில்லாத முதல்மாதக் கைமாற்று நிதி. வேலைக்குப் போகும் பிள்ளை வாங்கிக்கொண்டு, சம்பளம் வரத் தொடங்கிய பின் சிறுகச் சிறுகத் திருப்பிக் கட்டலாம். கட்டிய காசு அடுத்த பிள்ளைக்குப் போகும்.

வாசலில் உள்ள மேசையில் இந்த ஆறு கேள்விகளும் அச்சிட்ட தாள்கள் இருக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகுமுன் உங்கள் நகரத்தின் பெயரை எழுதி, தெரிந்த வரிகளை நிரப்பிக் கொடுங்கள். தெரியாததை வெறுமையாக விடுங்கள். அந்த ஊரிலிருக்கும் இன்னொரு சகோதரி நிரப்புவார்.