மூட்டு மாற்று சிகிச்சையும் இரத்த உறைவுத் தடுப்பும்

(சுகாதாரப் பணியாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



முழங்கால் செயற்கை மூட்டுகளுக்கு 2017-இல் மத்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் மூட்டு மாற்று சிகிச்சை இடம்பெற்றது. எனவே, எளிய குடும்பத்தினரும் இன்று இச்சிகிச்சை பெறுகின்றனர். அவர்களுடைய பாதுகாப்புக் குறித்துச் சில கூற விரும்புகிறேன்.

இரத்த ஓட்டம் மந்தமாதல், இரத்தக் குழாய்ச் சுவர் பழுதுறுதல், இரத்தம் உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றும் உறைகட்டி தோன்றக் காரணங்களாகும். மூட்டு மாற்று சிகிச்சையில் இம்மூன்றும் ஒருங்கே சேர்கின்றன. காலின் ஆழ்நாளத்தில் தோன்றும் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். தடுப்பு முறை கையாளப்படாத காலத்தில், நிறமூட்டி எடுத்த எக்ஸ்ரே படங்களில் நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உறைகட்டி காணப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை. ஆதலால் கால் வீங்கவில்லை என்று வாளாவிருத்தல் தகாது.

ஆசிய மக்களுக்கு இந்நோய் அரிது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அதை நம்பித் தடுப்பைக் கைவிடுதல் முறையன்று.

இயன்றால் அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை நடக்கச் செய்தல் வேண்டும். படுக்கையிலும் கணுக்காலை அசைத்தல் நன்று. இவற்றுடன் ஹெப்பாரின் வகை ஊசியோ, ரிவரோக்ஸபான் போன்ற மாத்திரையோ, ஆஸ்பிரினோ மருத்துவர் தேர்ந்தளிப்பார். ஐந்து நாள் ரிவரோக்ஸபான் கொடுத்து, பின் ஆஸ்பிரினுக்கு மாறுவது போதுமான பயன் தருவதாக 2018-இல் வெளிவந்த கனடிய ஆய்வு காட்டியது. தொடக்கம் முதலே ஆஸ்பிரினை மட்டும் அளித்தபோது, இனாக்ஸபாரின் ஊசி பெற்றோரைவிட அதிகமானோருக்கு உறைகட்டி ஏற்பட்டதை 2022-இன் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. ஆகவே, விலை மலிவு ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாகாது.

நோயாளி சில நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார். அபாயமோ பல வாரங்கள் நீடிக்கிறது. தடுப்பு மருந்து குறைந்தது 10 முதல் 14 நாட்கள், தேவைப்படின் 35 நாட்கள் வரை கொடுக்கப்படுகிறது. வலி தணிந்ததும் மருந்தை நிறுத்துவதும், ஓய்வு நல்லதென்று படுத்தேயிருப்பதும் இடர் தரும். மருந்தின் பெயர், நிறுத்த வேண்டிய தேதி, அபாய அறிகுறிகள் ஆகியவற்றை விடுவிப்புச் சீட்டில் தாய்மொழியில் எழுதித் தருதல் வேண்டும். கெண்டைக்கால் வலி, வீக்கம், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கட்டுக்கடங்காத இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

கிராம சுகாதாரச் செவிலியர் இரண்டொரு முறை அவ்வீட்டிற்குச் சென்று இச்சீட்டைப் பார்த்து வருவாராயின், ஓர் உயிரைக் காக்க அதுவே உதவக்கூடும். அப்பணியை ஏற்குமாறு தங்களை வேண்டி அமைகிறேன்.