எண்ணெய் காயும்போது

மூக்கைத் துளைக்கும் வாசனையை ரசித்துச் சாப்பிடுவதில் பினாங்குக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. பாலேக் புலாவ் டுரியானும் சம்பலில் வதக்கிய பெத்தாயும் போதுமே, நம் பெருமையைச் சொல்ல! இரண்டின் வாடைக்கும் மூலம் கந்தகம் கலந்த சேர்மங்கள். அதே கந்தக வகையில் நம் அடுப்படிக்கு உரியது பெருங்காயம். இன்றைய பேச்சு அதைத் தாளிக்கும் கைப்பக்குவம் பற்றியது.

ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட மலைச்சரிவுகளில் ஃபெருலா என்ற செடி வளர்கிறது. அதன் தடித்த வேரின் தலைப்பைச் சீவினால் பால் வடியும். இறுகிய அந்தப் பால்தான் பெருங்காயம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் சீவுவார்கள். வாரக்கணக்கில் இதே வேலை. சீரகம், மல்லி, சோம்பு எல்லாம் இந்தச் செடியின் பங்காளிகள். ரசம் என்றாலே நமக்கு நினைவு வரும் இந்தப் பொருள் தமிழ் மண்ணில் விளைவதே இல்லை. இந்தியாவே வெளியில் வாங்கித்தான் தின்றது. 2020 அக்டோபரில்தான் பாலம்பூர் ஆய்வு நிலையத்தார் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டார்கள்.

பிறையில் ரயில் வேலைக்கும் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கும் வந்த நம் முன்னோர் பெருங்காயத் தாளிப்பையும் கூடவே கொண்டு வந்தார்கள். இப்போது சாமான் கடையில் கிடைக்கும் தூள் டப்பாவில் பெரும்பங்கு மாவும் கோந்தும்தான். அதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். அசல் பால்காயத்தின் காரத்தை அப்படியே தாங்க முடியாது. மாவு பெரும்பாலும் கோதுமை என்பதால், கோதுமை ஒவ்வாதவர்கள் டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

எனக்குக் குறை வேறு. குழம்பு கொதித்து முடியும் நேரத்தில் மேலே ஒரு சிட்டிகை தூவிவிட்டு, தாளித்தாயிற்று என்கிறார்களே, அதுதான். பெருங்காயத்தின் வாசனைச் சேர்மங்கள் எண்ணெயில் கரைபவை, தண்ணீரோடு ஒட்டாதவை. நல்லெண்ணெயோ நெய்யோ காய்ந்ததும் தீயைத் தணித்து, மிளகளவு கட்டியைப் போட வேண்டும். அது உப்பிப் பொரியும்போது பச்சை நெடி அடங்கி, வெங்காயமும் பூண்டும் வதங்கும் வாசனை எழும். இரண்டு நொடி தாமதித்தால் கருகிக் கசக்கும். அந்த நொடியைப் பிடிப்பதில்தான் வித்தை இருக்கிறது. கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அதிலுள்ள கோந்து, பிசினைத் தண்ணீரோடு பால்போலக் கலங்க வைக்கும். ரசத்துக்கு அது பழுதில்லை, ஆனாலும் என் ஓட்டு எண்ணெய்க்கே.

இந்த வித்தைக்குச் சரியான சோதனை விரதச் சமையல். தைப்பூசத்துக்கு முன் வெங்காயம், பூண்டு இரண்டையும் ஒதுக்கும் வீடுகளில், அவை விட்டுப்போன இடத்தைப் பெருங்காயம் நிரப்ப வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் அன்னதானச் சாம்பார் வாங்கிப் பாருங்கள். கெட்டிக்காரச் சமையல்காரர் என்றால் பெருங்காயம் தனியாகத் தெரியாது. அரைகுறைக் கை என்றால் அது மட்டும்தான் தெரியும்.

வயிற்றுக்கு இது நல்லது என்பது பழைய நம்பிக்கை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம் இவற்றோடு எட்டாவதாகப் பெருங்காயம் சேர்ந்தால் அஷ்ட சூரணம். சூடான சோற்றில் நெய் விட்டு, முதல் கவளத்தோடு பிசைந்து உண்பார்கள். குழந்தைக்கு வயிறு உப்பினால் நம் பாட்டிமார்கள் பெருங்காயத்தைக் கரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவார்கள். மலாய்த் தாய்மார்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாயில் ஊட்டவே வேண்டாம். பெருங்காய மருந்து குடித்த ஐந்து வாரக் குழந்தையின் இரத்தம் உடலுக்குப் பிராணவாயுவைச் சரியாகக் கொண்டுபோக முடியாமல் போனதை, 1984-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது.

பெரியவர்களுக்கு அந்தப் பயமில்லை. லிட்டில் இந்தியா பக்கம் போனால் கட்டியாகவே கேட்டு வாங்குங்கள். மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் போட்டு, காப்பித்தூளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.